கம்பு, கடலை மாவு, தேன்: குளவிக்கு என்ன உணவு?

பயிர்ப் பாதுகாப்பு கேள்வி–பதில் பகுதி. செட்டிநாட்டு ஊர்களிலிருந்து, பயிர்ப் பூச்சிகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளின் வளர்ப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு எங்கள் பூச்சியியல் குழுவின் பதில்கள்.

எங்கள் ஊருக்கு வந்த ஒருவர், "இந்தப் பொடியைத் தண்ணீரில் கலந்து பாலித்தீன் தாளில் சொட்டுச் சொட்டாக வைத்தால் போதும், அந்துப்பூச்சியே வளர்க்காமல் டிரைக்கோகிரம்மா குளவி எடுக்கலாம்" என்று விற்கிறார். இது நடக்கிற காரியமா?
— வாசகர், கல்லல்

ஆய்வகத்தில் நடந்திருக்கிறது. உங்கள் வீட்டில் நடக்காது. வாங்க வேண்டாம்.

டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர்க் குளவி. அந்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும். குளவியின் புழு உள்ளிருப்பதைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஓட்டைத் துளைத்து வெளியே வரும். முட்டைக்குள் இருப்பது மஞ்சள் கரு மாதிரியான சத்துக் கூழ்தான் என்பதால், மற்ற ஒட்டுண்ணிகளைவிட இதைச் செயற்கை உணவில் வளர்ப்பது எளிது என்று ஆய்வாளர்கள் முதலிலேயே கணித்தார்கள். 1975இல் அமெரிக்காவில் டிரைக்கோகிரம்மா பிரிட்டியோசம் என்ற இனத்தைப் புழுவின் இரத்தத்திலேயே, முட்டை ஓடு இல்லாமல் வளர்த்துக் காட்டினார்கள். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது சீனா. அங்கே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் சிறு சிறு குமிழ்களை அழுத்தி எடுத்து, உள்ளே திரவ உணவை நிரப்பி மூடினார்கள். அதுதான் செயற்கை முட்டை. திரவத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஓக் பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுவின் இரத்தம், ஐந்தில் ஒரு பங்கு கோழி முட்டை மஞ்சள் கரு, அதோடு பாலும் உப்புக் கரைசலும். பூச்சியே வேண்டாம் என்று சொல்லப்படும் உணவிலும் பூச்சியின் இரத்தம்தான் முக்கியச் சரக்கு என்பதைக் கவனியுங்கள். இரத்தம் சேர்க்காத கலவைகளும் உண்டு. அவற்றில் குளவிகளின் எண்ணிக்கையும் தரமும் பொதுவாகக் குறைவு.

சிக்கல் உணவோடு முடிவதில்லை. தாய்க் குளவி முட்டையின் மேல் நடந்து, உணர்கொம்பால் தட்டி, வளைவையும் அளவையும் பார்த்த பிறகுதான் முட்டையிடும். தட்டையான தாளில் வைத்த சொட்டை அது முட்டையாகவே மதிக்காது. படலம் தடித்தால் குளவியின் முட்டையிடும் ஊசி உள்ளே இறங்காது, மெலிந்தால் கசியும். முட்டையிடத் தூண்டப் படலத்தின் மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் தடவுவதும் உண்டு. அதன் பிறகு எண்ணிக்கைக் கணக்கு. குளவி வளர்ப்புக்கென வளர்க்கும் கார்சைரா என்ற அரிசி அந்தின் ஒரு முட்டைக்குள் பெரும்பாலும் ஒரே குளவிதான் வளரும். செயற்கை முட்டையில் பல தாய்கள் கூடி ஏராளமாக இட்டுவிடும். இட்டது அதிகமானால் உணவு போதாமல் குட்டையான, பறக்காத குளவி வரும். குறைவானால் உணவு மீந்து, வயிறு ஊதி, இறக்கை விரியாத குளவி வரும். இரண்டுமே வயலுக்கு உதவாது. இத்தனைக்கும் மேல், கூழில் ஒரு பாக்டீரியா விழுந்தால் மறுநாளே எல்லாம் நாறிவிடும். கிருமி நீக்கிய அறை, வடிகட்டிய காற்று, நுண்ணுயிர்க் கொல்லி மூன்றும் இல்லாமல் இதில் இறங்க முடியாது.

செயற்கை உணவு என்ற யோசனையை நாங்கள் தள்ளவில்லை. அதை ஒரு படி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். குளவிக்கு ஊட்ட வேண்டாம், குளவி தின்னும் அந்துப்பூச்சிக்கு நாம் கலந்த உணவை ஊட்டுவோம். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

எங்கள் மகளிர் குழு டிரைக்கோ அட்டை, அதாவது டிரைக்கோகிரம்மா வளரும் அந்து முட்டைகளை ஒட்டிய அட்டை, தயாரிக்க நினைக்கிறது. பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கார்சைரா வளர்க்கும் கலவை, அளவு, முறை எல்லாம் விவரமாக வேண்டும்.
— வாசகி, தேவகோட்டை

முதலில் அறை. தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் உள்ள அறை சித்திரை வெயிலிலும் வெளியைவிடக் குளுமையாக இருக்கும். அது உங்களுக்கு லாபம். வேண்டியது 26 முதல் 28 டிகிரி, காற்றில் ஈரம் 65 முதல் 75 சதம். ஆனால் பக்கத்து அறையில் நெல்லோ அரிசியோ உளுந்தோ மூட்டையாக இருந்தால் அந்த அறை வேண்டாம். கார்சைரா என்பது அரிசியில் நூலாம்படை கட்டும் அதே அந்துதான். நீங்கள் வளர்ப்பது அங்கே போகும். அங்குள்ள அதன் எதிரிகள் இங்கே வரும். இரண்டாவது கேடு மோசமானது.

ஒரு பேசினுக்குக் கம்பு 2.5 கிலோ. மில்லில் கொடுத்து இரண்டு மூன்றாக உடைத்துக்கொள்ளுங்கள், மாவாக்க வேண்டாம். மாவானால் காற்று புகாமல் அடியில் கட்டி பிடிக்கும். கம்பு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூட்டையில் மருந்து தூவினார்களா, புகை மாத்திரை வைத்தார்களா? மருந்து பட்ட கம்பில் முட்டை பொரிக்கும், புழு இரண்டாம் வாரத்தைத் தாண்டாது. காரணம் தெரியாமல் நீங்கள் ஈஸ்டையும் தேனையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உடைத்த கம்பைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, வெப்ப அலமாரியில் 100 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். கம்போடு வந்த வண்டு, சிலந்திப்பேன், வேறு அந்தின் முட்டை எல்லாம் இதில் சாகும். வெயிலில் காயவைப்பது இதற்கு ஈடாகாது. வாணலியில் வறுப்பவர்களும் உண்டு. சூடு எல்லா இடத்திலும் சமமாக ஏறாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி வறுக்க வேண்டும், பொரியவிடக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு, பொடித்த நிலக்கடலைப் பருப்பு 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகம் 5 கிராம் கலக்கவும். கடலை கொழுப்புக்கும் புரதத்துக்கும், ஈஸ்ட் பி வைட்டமினுக்கு, கந்தகம் சிலந்திப்பேன் ஏறாமல் இருக்க. பிறகு 0.05 சத ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலை, அதாவது லிட்டருக்கு அரை கிராம் கரைத்ததை, 10 முதல் 20 மில்லி தெளித்துக் கையால் பிசறுங்கள். கையில் ஈரம் ஒட்டினால் அதிகம். நிழலில் உலர்த்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இதன் மேல் கார்சைரா முட்டை அரை சி.சி. தூவி, காடாத் துணியால் மூடி, ரப்பர் வளையமோ நாடாவோ போட்டு இறுக்குங்கள். பேசின்களை வைக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு முதல் நாளே வந்துவிடும். முட்டை அதிகம் போட்டால் அந்து அதிகம் வரும் என்று நினைத்து ஒரு சி.சி. போடுகிறவர்கள் உண்டு. புழுக்கள் நெருங்கினால் பேசின் உள்ளே சூடேறும். கைவைத்தாலே தெரியும். உணவு முடிந்து, சின்ன அந்துகள் வரும், அவை இடும் முட்டையும் குறையும்.

அந்துகள் 40 முதல் 45 நாளில் வெளிவரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மாதம் வந்துகொண்டிருக்கும். தினமும் காலையில் பிடித்து, அடியில் கம்பி வலை போட்ட முட்டையிடும் டிரம்மில் விடுங்கள். தேன் 50 மில்லி, தண்ணீர் 50 மில்லி, அதில் வைட்டமின் ஈ மாத்திரை ஐந்தைக் கிள்ளிப் பிழிந்து கலந்து, பஞ்சில் நனைத்து டிரம்முக்குள் தொங்கவிட வேண்டும். முட்டைகள் வலை வழியாகக் கீழே விழும். நான்கு நாள் முட்டை எடுத்ததும் அந்த அந்துகளை மாற்றிவிடலாம். எடுத்த முட்டையைச் சல்லடைகளில் சலித்து, இறக்கைச் செதிலையும் கால் துண்டையும் நீக்குங்கள். ஒரு சி.சி. அளவில் 16,000 முதல் 20,000 முட்டை இருக்கும்.

இந்த வேலையில் முகக்கவசம் இல்லாமல் யாரும் உட்கார வேண்டாம். அந்தின் செதில் நுரையீரலுக்குள் போகும். ஆரம்பத்தில் தும்மல், பிறகு இழுப்பு. ஆஸ்துமா உள்ளவர்களை டிரம் பக்கமே அனுப்பாமல், அட்டை ஒட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டை தயாரிப்பது: சலித்த முட்டையைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கருவைக் கொல்ல வேண்டும். 30 வாட் குழாய் என்றால் இரண்டடி தூரத்தில் 30 நிமிடம். முட்டைகள் ஒரே அடுக்காக இருக்க வேண்டும், குவியலின் அடியில் ஒளி போகாது. விளக்கு எரியும்போது கண்ணிலும் தோலிலும் படக் கூடாது. இந்தப் படியை விட்டால், குளவி தொடாத முட்டைகள் பொரித்து, புழுக்கள் பக்கத்திலுள்ள குளவி முட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும். விளக்கு சரியாக வேலை செய்ததா என்று தெரிய, ஒரு சிட்டிகை முட்டையைத் தனிக் குப்பியில் வையுங்கள். ஒரு வாரத்தில் ஒரு புழுகூடப் பொரிக்கக் கூடாது. குழாய் பழசாகும்போது நீலமாக எரிந்துகொண்டே வலு குறையும், அதனால் இந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் வேண்டும்.

அட்டையில் மெல்லிய பசை தடவி, முட்டையை ஒரே அடுக்காகத் தூவி, உதிர்வதைத் தட்டிவிட்டு, பாலித்தீன் பையில் குளவி வெளிவரும் நிலையிலுள்ள தாய் அட்டைத் துண்டோடு சேர்த்து வையுங்கள். ஆறு பங்கு புது முட்டைக்கு ஒரு பங்கு தாய் அட்டை. மூன்று நான்கு நாளில் முட்டை கறுக்கும். ஏழு எட்டு நாளில் குளவி வரும். கறுத்த அட்டையை 10 டிகிரியில் சுமார் 20 நாள் வரை வைக்கலாம். வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதானால் கீழ்த் தட்டு, உறைபெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மூன்று மாதமாகக் கார்சைரா நன்றாக வந்தது. இப்போது பேசினில் நூலாம்படை இருக்கிறது, அந்து இல்லை. புழுக்கள் அசையாமல் கிடக்கின்றன. பக்கத்தில் சின்ன வெள்ளைக் கூடுகள், துணியில் பழுப்பு நிறக் குட்டிக் குளவிகள். குளவி வந்தது நல்லதுதானே?
— வாசகர், புதுவயல்

நல்லதல்ல. அது டிரைக்கோகிரம்மா அல்ல, பிராக்கான் ஹெபெட்டர் என்ற வேறு குளவி. புழுவைக் கொட்டி மயக்கி, அதன் மேல் முட்டையிட்டு, குடும்பத்தோடு தின்னும். அரிசி ஆலைகளின் கிடங்குகளில் அந்து இருக்கும் இடத்திலெல்லாம் இதுவும் இருக்கும். உங்கள் ஊரில் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, ஜன்னல் வழியாகவே வந்திருக்கும்.

பாதித்த பேசின்களைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். துணியோடு பெரிய பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு கொதிநீர் ஊற்றுங்கள். அறையைக் காலி செய்து, தரை, சுவர் இடுக்கு, தாங்கி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, பத்து நாளாவது வெறுமையாக விடவும். ஜன்னலுக்கும் கதவுக்கும் 40 மெஷ் நைலான் வலை. காடாத் துணியில் நைந்த இடம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். குளவி துணியின் மேல் நின்றபடியே, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை ஊசியால் எட்டிக் கொட்டும். அதனால் கம்பின் மட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி விடுவது நல்லது. புதுப் பேசின்களைப் பழைய பேசின்களோடு ஒரே தாங்கியில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். வேலை எப்போதும் இளம் பேசினில் தொடங்கி, முதிர்ந்ததில் முடிய வேண்டும்.

தென்னையில் கருந்தலைப்புழு. இதற்கான குளவியைப் புழு இல்லாமல் செயற்கை உணவில் வளர்க்க முடியுமா? எத்தனை விட வேண்டும்?
— வாசகர், சிங்கம்புணரி

முந்தைய பதிலில் திட்டிய அதே பிராக்கான் வகைதான் உங்களுக்கு நண்பன். பிராக்கான் பிரெவிகார்னிஸ், கோனியோசஸ் நெஃபான்டிடிஸ் இரண்டும் கருந்தலைப்புழுவின் மேல் புறத்தே ஒட்டி வளர்பவை. புறத்தே வளர்வதால், உடலுக்குள் வளரும் குளவிகளைவிட இவற்றுக்குச் செயற்கை உணவு ஒத்துவரும். பிரேசிலில் பிராக்கான் ஹெபெட்டரை அப்படி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் கம்பில் வளர்ந்த கார்சைராப் புழு கிலோ கணக்கில் கிடைக்கும்போது அதைவிட மலிவான உணவு எதுவும் இல்லை.

பிராக்கானுக்கு: விளக்குச் சிம்னிக்குள் 20 ஜோடி விட்டு, வாயை மெல்லிய துணியால் மூடி, அதன் மேல் முற்றிய கார்சைராப் புழு 20 பரப்பி, இன்னொரு துணியால் அழுத்திக் கட்டுங்கள். புழு நகர முடியாமல் இரு துணிக்கு நடுவில் நிற்கும்போது குளவி கீழிருந்து கொட்டி முட்டையிடும். 10 முதல் 13 நாளில் அடுத்த தலைமுறை. கோனியோசஸுக்கு: குப்பிக்கு ஒரு புழு, இணைசேர்ந்த ஒரு பெண் குளவி. குளவியை வெளியே எடுத்துவிடாதீர்கள். அது தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் இனம். 10 முதல் 14 நாளில் முடிந்துவிடும்.

எண்ணிக்கை ஏக்கருக்குக் கோனியோசஸ் 1,200. ஏக்கருக்கு 70 மரம் என்றால் மரத்துக்குப் பதினேழு பதினெட்டு. வெளிவந்த அன்றே விடாமல், தேன் கொடுத்து இணைசேரவிட்டு மூன்று நான்கு நாள் கழித்து விடுங்கள். கொண்டையில் விட வேண்டாம், அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் காத்திருக்கும். பாதித்த கீழ் ஓலைகளின் அடிப்பக்கம்தான் இடம். அதற்கு முன்பு, முழுக்கக் காய்ந்துபோன அடி மட்டைகளை வெட்டி எரித்துவிட்டால் குளவிக்கு வேலை பாதி குறையும். மரமெல்லாம் கூட்டுப்புழுவாக இருக்கிற வாரத்தில் இவற்றை விட்டால் காசு வீண். ஓலையைப் பிரித்துப் பாருங்கள், புழு இருக்க வேண்டும்.

தேனுக்குப் பதில் வெல்லப்பாகு தரலாமா?
— வாசகி, கோட்டையூர்

வேண்டாம், ஒரே நாளில் புளித்துவிடும். சர்க்கரைக் கரைசல் அவசரத்துக்கு உதவும், ஆனால் காய்ந்து படிகமானதும் குளவியால் உறிஞ்ச முடியாது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த தேனைச் சொட்டாக வைக்காமல், தூரிகையால் அட்டையில் மயிரிழைக் கோடாக இழுங்கள். சொட்டில் டிரைக்கோகிரம்மா மூழ்கிச் சாகும்.

கல்லூரித் திட்டப்பணிக்காகக் காய்ப்புழுவைக் கடலை மாவு உணவில் வளர்த்து, அதில் கேம்போலெட்டிஸ் குளவி எடுக்க முயல்கிறேன். ஒருமுறை உணவு இறுகவே இல்லை. இன்னொரு முறை இறுகியது, பூஞ்சணம் பிடித்தது. எங்கே தவறு?
— மாணவர், காரைக்குடி

அளவை முதலில் சரிபாருங்கள். கொண்டைக்கடலை மாவு 105 கிராம், மீதைல் பாராபென் 2 கிராம், சார்பிக் அமிலம் 1 கிராம், ஸ்ட்ரெப்டோமைசின் கால் கிராம், 10 சத பார்மால்டிஹைடு 2 மில்லி. இவற்றை 390 மில்லி தண்ணீரில் மிக்ஸியில் இரண்டு நிமிடம் அடிக்க வேண்டும். இன்னொரு 390 மில்லியில் அகர் 12.75 கிராம். கடைசியாகச் சேர்ப்பது அஸ்கார்பிக் அமிலம் 3.25 கிராம், ஈஸ்ட் மாத்திரை 25, மல்டிவைட்டமின் 2, வைட்டமின் ஈ 2.

இறுகாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அகர் தண்ணீரில் மிதந்தாலே கரைந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அது கரைய 90 டிகிரியாவது வேண்டும், கொதித்துக் கண்ணாடி போலத் தெளிய வேண்டும். அல்லது அஸ்கார்பிக் அமிலத்தைக் கொதிக்கும் அகரிலேயே போட்டிருப்பீர்கள். அமிலமும் கொதியும் சேர்ந்தால் அகரின் சங்கிலி அறுந்து இறுகும் தன்மை போய்விடும், வைட்டமின் சி-யும் அழியும். அகரை 60 டிகிரிக்கு ஆறவிட்டு, மாவுக் கலவையோடு சேர்த்து, பிறகு வைட்டமின்களைப் போட்டு ஒரு நிமிடம் அடித்து உடனே ஊற்றுங்கள். தாமதித்தால் 40 டிகிரியில் மிக்ஸியிலேயே இறுகிவிடும்.

பூஞ்சணத்துக்கு, ஊற்றிய உணவைச் சூட்டோடு மூடியதுதான் வழக்கமான காரணம். மூடியில் வேர்த்த நீர் உணவில் சொட்டும். ஆறி, மேற்பரப்பு வறண்ட பிறகு மூடவும். பார்மால்டிஹைடைக் கூட்டிப் பூஞ்சணத்தை அடக்கப் பார்க்காதீர்கள், புழு குட்டையாகும், அதிலிருந்து வரும் குளவியும் குட்டையாகும். மாவைக் கடையில் வாங்காமல் கொண்டைக்கடலை வாங்கி அரைக்கவும். பட்டாணி மாவு கலந்த கடலை மாவு பஜ்ஜிக்குப் போதும், இதற்குப் போதாது.

கேம்போலெட்டிஸ் இரண்டாம் பருவத்துக்கு (முதல் தோலுரிப்புக்குப் பிந்தைய நிலை) மேற்பட்ட புழுவை விரும்பாது. சிறு புழுக்களைக் குளவியிடம் ஒரு நாள் கொடுத்துவிட்டு, உடனே தனித்தனிக் குழிகளுக்கு மாற்றுங்கள். காய்ப்புழு ஒன்றையொன்று தின்னும். தின்னப்பட்டது குளவி இருந்த புழுவாக இருந்தால் உங்கள் கணக்கு தப்பும். உயிருள்ள புழுவுக்குள் வளர்ந்து, புழு தின்னத் தின்னத் தானும் பெரிதாகும் இனம் இது. புழுவின் இரத்தத்தையும் எதிர்ப்பையும் கையாள்வது அதன் வாழ்க்கையோடு பிணைந்தது என்பதால், இதற்கு நேரடிச் செயற்கை உணவு தேடுவதில் திட்டப்பணிக் காலத்தைச் செலவிடாதீர்கள்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு விட்ட குளவியை இப்படி வளர்க்கலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோஃபேகஸ் பப்பாயே பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை ஏற்றி, அதில்தான் வளர்த்தார்கள். இப்போது தனியாக வளர்க்க வேண்டியதில்லை. மரத்தில் மருந்தடிக்காமல் விட்டு, பழுப்பேறி உப்பிய மாவுப்பூச்சிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் குளவி ஏற்கெனவே உள்ளது. அந்த இலைகளைப் பறித்து, பாதித்த மரத்தில் கட்டினால் போதும்.

கரும்பிலும் நெல்லிலும் டிரைக்கோ அட்டை கட்டினேன். பலன் தெரியவில்லை. அட்டை மோசமா, நான் கட்டியது மோசமா?
— வாசகர், திருப்பத்தூர்

இரண்டையும் சோதிக்கலாம். அட்டையில் ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குப்பியில் பஞ்சடைத்து நிழலில் வையுங்கள். குளவி வந்து முடிந்ததும் கைலென்ஸில் நூறு கறுத்த முட்டைகளை எண்ணுங்கள். எண்பத்தைந்துக்குக் குறையாமல் துளை இருந்தால் அட்டை நல்லது. வந்த குளவிகளைக் குப்பியைத் தட்டிப் பாருங்கள். சுவரில் ஏறாமல் அடியில் சுற்றிக்கொண்டிருப்பவை இறக்கை சரியில்லாதவை. பெண்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இணைசேராத தாய் இடும் முட்டையிலிருந்து ஆண்களே வரும் என்பதால், தாய் அட்டைக்குத் தேனும் ஒரு நாள் அவகாசமும் கொடுக்காத இடங்களில் ஆண்கள் பெருகும். குளவி உணர்கொம்பில் நீண்ட மயிர் இருந்தால் ஆண்.

அட்டை நல்லதென்றால் நேரத்தைப் பாருங்கள். கரும்பில் இடைக்கணுப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, ஹெக்டேருக்கு 2.5 சி.சி., அதாவது ஏக்கருக்கு ஒரு சி.சி. வீதம் ஆறு முறை. நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கு அது உதவாது, டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் வேண்டும். நட்ட 30, 37ஆம் நாளில், ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 2 சி.சி. இலைச்சுருட்டுக்கு மறுபடியும் கைலோனிஸ், அதே அளவு, 37, 44, 51ஆம் நாள். சுருண்ட இலையைப் பார்த்த பிறகு அட்டை வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். சுருட்டியது புழு, இந்தக் குளவி முட்டையை மட்டுமே தொடும்.

இந்தக் குளவி அதிக தூரம் பறப்பதில்லை. ஏக்கருக்கு நான்கு மூலையில் நான்கு அட்டை என்பது வீண். குறைந்தது இருபது துண்டாக வெட்டிப் பரவலாகக் கட்டுங்கள், ஒன்றுக்கொன்று 14 மீட்டர் வரும். ஓரிரு குளவி வெளிவரத் தொடங்கிய அட்டையாக இருக்க வேண்டும். மூன்று நாள் முன்னதாகக் கட்டினால் எறும்பும் பொறிவண்டும் சுத்தமாக நக்கிவிடும். மாலையில், இலையின் அடிப்பக்கத்தில், முட்டை உள்ள பக்கம் கீழ்நோக்கி ஸ்டேப்ளர் அடியுங்கள். காய்ந்த சோகை இலையில் கட்ட வேண்டாம், காற்றில் உதிர்ந்துவிடும். மழை வரும்போல் இருந்தால் ஒரு நாள் ஃபிரிட்ஜில் பொறுத்திருக்கட்டும். முன்னும் பின்னும் பத்து நாள் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. பக்கத்து வயல்காரர் அடிக்கப் போகிறாரா என்றும் கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.